மேல்வீடும் கீழ்வீடும் ஓர் ஒலிவ மரமும்

நண்பர்களே, இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த கதையை ஒருவர் மாறி ஒருவராக எழுதிவிட்டீர்கள். எங்கள் முதியோர் வட்டத்து மலரில் இன்னும் எழுதாமல் மிஞ்சியிருப்பவன் நான்தான். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு, உங்களைப் போலவே, ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவன் என்று இதுவரை சொல்லி வந்திருக்கிறேன். அது பாதி உண்மை. அதற்கு முன்னரே, சிறுவனாக, ஒருமுறை ரொறன்ரோவுக்கு வந்து போயிருக்கிறேன். அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். இப்போது அந்த வெட்கத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினொரு வயது. அப்பாவுக்கு இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. அம்மாவும் நானும் கூட வந்தோம். அப்போது தமிழ்க்கடை என்ற பேச்சே இல்லை. மிளகாய்த்தூள் ஊரிலிருந்து பிஸ்கட் தகரத்தில் அடைபட்டுக் கப்பலில் வரும். வந்து சேரும்போது அதன் சிவப்பில் பாதி கடலோடு போயிருக்கும்.

பாதர்ஸ்ற் வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் செங்கல் வீடு. மேல்தளம் எங்களுக்கு வாடகைக்கு. கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மாவும் அவருடைய ஒரே மகனும். யூதக் குடும்பம். வீட்டுக்கார அம்மாவின் கணவர் முந்திய குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தார். மகனுக்கு என்னைவிட ஒன்றரை வயது கூட. அவன் என்னை வந்த அன்றிலிருந்தே ‘மேல்வீடு’ என்று கூப்பிட்டான். நான் அவனைக் ‘கீழ்வீடு’ என்றேன். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆனால் எனக்குள் அது எப்போதோ எங்கள் தமிழாகிவிட்டது. அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சாப்பாட்டறைத் தரையில் ஓர் இரும்புச் சல்லடை பதித்திருந்தது. பூவேலைப்பாடுள்ள கனத்த சல்லடை. நிலவறை அடுப்பின் சூடு குழாய் வழியே ஏறி அதன் ஊடாக வரும். குளித்துவிட்டு ஈரக்காலோடு அதன்மேல் நின்றால் உள்ளங்காலில் பூ பதியும். அந்தக் குழாயில் சூடு மட்டும் வரவில்லை. கீழ்வீட்டுச் சத்தம் எல்லாம் வந்தது. வெங்காயம் தாளிக்கும் வாசம் வந்தது. என்னுடைய நீலக் கண்ணாடிப் போளை ஒன்று, விளையாட்டுக் கோலி, அதற்குள் விழுந்து, கடகடவென்று நெடுநேரம் உருண்டு, பிறகு சத்தமில்லாமல் போயிற்று. கீழ்வீடும் நானும் அடுப்பு வரை தேடினோம். கிடைக்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் கீழே இரண்டு பெண்கள் வாய்க்குவாய் சண்டை பிடிப்பது கேட்டது. ஒரு குரல் கட்டை, மற்றது கீச்சு. அம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

“இஞ்சருங்கோ, கீழை ஆரோ அடிபடுகினம். போய் விலக்கிவிடுங்கோ.”

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். சிரித்துக்கொண்டு ஏறி வந்தார்.

“சண்டை இல்லையப்பா, நாடகம். மாமியாரும் மருமகளும் அவவேதான். மாவைக் குழைச்சுக்கொண்டு வசனம் சொல்லிப் பாக்கிறா.”

வீட்டுக்கார அம்மா தங்கள் பெண்கள் சங்கத்துக்காக, அவர்கள் வீட்டில் பேசும் இத்திஷ் மொழியில் சிறு நாடகங்கள் எழுதுவார். புருசன் செத்து ஒரு வருசம் ஆகவில்லை, இவவுக்கு நாடகம் ஒரு கேடா என்று அம்மா முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு அந்த நாடகத்தில் வரும் மாமியார் தன்னுடைய மாமியாரைப் போலவே பேசுகிறார் என்று குரலை வைத்தே கண்டுபிடித்து, வேலையை விட்டுவிட்டுச் சல்லடைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார். ஒரு சொல் விளங்காது. சரியான இடத்தில் சிரிப்பார்.

சனிக்கிழமைப் பின்னேரங்களில் கீழே இன்னொரு சத்தம். இறந்துபோனவரோடு சேர்ந்து படித்த நாலைந்து பேர் அவர் போன பிறகும் வந்துகொண்டிருந்தார்கள். அவர் படித்த மேசை வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்று. இரண்டிரண்டு பேராக ஒரு தடித்த மறைநூலின் முன் குனிந்து, மேசையில் தட்டி, ஒருவரை ஒருவர் மறித்து, கத்தித்தான் படிப்பார்கள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டே தன்னுடைய கட்டுரையை எழுதுவார். ஒருநாள் பேனையை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்.

“கேள்வி கேக்கிறவனைத்தான் உவை நல்ல மாணாக்கன் எண்டுகினம். எங்களைக் கேள்வி கேட்டதுக்குப் பள்ளிக்கூடத்திலை வாங்குக்கு மேலை ஏத்தி நிப்பாட்டினவை.”

“நீங்கள் வாங்கிலை நிண்டபடியால்தான் இவ்வளவு உயரம் வந்தனீங்கள்,” என்றார் அம்மா.

இப்போது விசயத்துக்கு வருகிறேன்.

கீழ்வீட்டுக்குப் பதின்மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒரு பையனுக்கு அந்த வயது வந்தால் ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் வேதச் சுருளிலிருந்து ஒரு பகுதியை இராகத்தோடு வாசிக்க வேண்டும். அன்றிலிருந்து அவனும் பெரியவர்களில் ஒருவன். தோலில் எபிரேய மொழியில் கையால் எழுதிய அந்தச் சுருளில் மெய்யெழுத்துக்கள் மட்டும் இருக்கும். உயிர்க்குறி இல்லை, நிறுத்தக்குறி இல்லை, இராகத்துக்கு அடையாளமும் இல்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்துத் தலைக்குள் வைத்திருக்க வேண்டும். ஆனால் சுருளைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொல்லவும் கூடாது. ஒவ்வொரு சொல்லும் கண்ணால் கண்டு வாயில் வர வேண்டும். “எங்கடை ஏட்டுச்சுவடியிலையும் புள்ளி இல்லைத்தானே,” என்று அப்பா மகிழ்ந்துபோனார்.

அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியார் வருவார். நெஞ்சுச் சளியோடு இருமும் மெலிந்த மனிதர். அவர் ஒரு வரியைப் பாடுவார், கீழ்வீடு திருப்பிப் பாடுவான். அவனுக்கு அது வரவில்லை. தகப்பன் இருந்தால் தகப்பனோடு படித்திருப்பான். அந்த மேசையில் உட்கார்ந்தாலே அவன் எழுத்துக்களைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்தான் என்று வீட்டுக்கார அம்மா என் அம்மாவிடம் சொன்னார்.

மேலே நான் சல்லடையில் காது வைத்துப் படுத்திருந்தேன். அம்மா என்னை மாலையில் தேவாரம் பாடாமல் சாப்பிட விடமாட்டார். பொருள் தெரியாமல் பதிகம் பதிகமாக விழுங்கிப் பழகிய பிள்ளைக்கு எபிரேயம் என்ன, எதுவானால் என்ன? இரண்டு மாதத்தில் அவனுடைய பகுதி முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது. ஒரு நாள் கோப்பை துடைத்துக்கொண்டு என்னை அறியாமல் உரக்கப் பாடினேன். கீழே சத்தம் நின்றது.

“மேல்வீடு! அது நீயோ?”

“ஓம்.”

“திருப்பிப் பாடு.”

பாடினேன். குழாய்க்குள் அவன் மூச்சு விடுவது கேட்டது.

“கள்ளப் பயலே,” என்றான். “நீ யூதனுமில்லை, உனக்கு வயதுமில்லை. என்னெண்டு பிடிச்சனி?”

ஆவணி பிறக்கும்போது வாத்தியாருக்குச் சளி கடுமையாகி ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டார்கள். கடைசிப் பகுதி அவனுக்கு அப்போதும் பாடமில்லை. வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம். சனிக்கிழமை மேசைக்காரர் ஒருவர் போதும். கேட்கவில்லை. தகப்பனுடைய கூட்டாளிமாருக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை. தாயிடம் எல்லாம் சரி என்றான். பின்னேரம் தாய் நாடக ஒத்திகைக்குப் போன கையோடு குழாய்க்குள்ளால் கூப்பிடுவான். நான் மேலிருந்து ஒரு வரி பாடுவேன். அவன் கீழிருந்து திருப்புவான். புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கிறாயா என்று கேட்டால், “ஓம் ஓம்” என்பான். திறந்திருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தாள் புரளும் சத்தம் குழாயில் வரவில்லை.

அந்தக் கடைசிப் பகுதியில் மூன்று வரிகள் ஒரே சொற்களில் முடியும். தேவாரம் பாடியவர்களுக்கு இதில் உள்ள ஆபத்து தெரியும். ஈற்றடி ஒன்றாக இருக்கும் பாட்டுகளில் இரண்டாவதிலிருந்து நேரே நான்காவதுக்குத் தாவிவிடுவோம், தாவியதும் தெரியாது. அம்மாவிடம் அதற்காக நான் எத்தனை குட்டு வாங்கியிருப்பேன்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் கீழ்வீடும் மற்றப் பையன்களும் பந்து வைத்து ஹொக்கி ஆடுவார்கள். நான் வலைக்கு முன்னால் நிற்பேன், வேறு வேலை தரமாட்டார்கள். ஒரு நாள் அம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, சோறு குழைத்த கையை உயர்த்தியபடி, ஒழுங்கை வாசலில் வந்து நின்று கூப்பிட்டார்: “தம்பீ, சாப்பிட வா ராசா!” ஒரு பையன் அதே இழுவையில் திருப்பிக் கூவினான். இன்னொருவன் கையை அம்மாவைப் போலத் தூக்கிக்கொண்டு நடந்தான். எல்லோரும் சிரித்தார்கள். நான் கீழ்வீட்டைப் பார்த்தேன். அவனும் சிரித்தான். நெடுநேரம் இல்லை. சிரித்தான்.

அம்மாவுக்கு விளங்கவில்லை. பையன்கள் தன்னோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்துத் தானும் சிரித்துவிட்டுப் போனார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று பின்னேரம் அவன் கூப்பிட்டபோது சல்லடைக்குப் போனேன். அன்றுதான் அந்த மூன்று வரிகளுக்கு வந்திருந்தோம். முதலாவதைப் பாடினேன். இரண்டாவதை விட்டுவிட்டேன். மூன்றாவதைப் பாடினேன். அவன் அப்படியே திருப்பினான். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். கோபம் இரண்டாம் நாளே ஆறிவிட்டது, அதையும் சொல்ல வேண்டும். ஆறிய பிறகும் பாடினேன். இப்போது திருத்தினால் முதல் நாள் செய்ததைச் சொல்ல வேண்டி வருமே.

அவன் ஆலயத்தில் வாசிக்கும் சனிக்கிழமைக்கு எங்கள் மூவரையும் அழைத்திருந்தார்கள். பெண்கள் மாடியில். அம்மா கூறைப்பட்டு உடுத்துக்கொண்டு வீட்டுக்கார அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அப்பாவும் நானும் கீழே, தலையில் சின்னத் தொப்பியோடு. பழைய மரத்தின் வாசமும் மெழுகின் வாசமும் கம்பளிக் கோட்டு வாசமும். பக்கத்திலிருந்தவர் அப்பாவிடம் ஆங்கில மொழிபெயர்ப்புப் பக்கத்தைத் திறந்து கொடுத்தார்.

கீழ்வீடு மேடையில் ஏறினான். தகப்பனுடைய வெள்ளைச் சால்வை அவன் தோளில் நிலத்தைத் தொட்டது. கையில் ஒரு சிறு வெள்ளிக் கோல்; அதன் நுனியில் சுட்டுவிரல் நீட்டிய ஒரு குட்டிக் கை. சுருளை விரல் தொடக்கூடாது, அந்த வெள்ளி விரல்தான் எழுத்தின்மேல் போக வேண்டும். பாடத் தொடங்கினான். நன்றாகவே பாடினான். அந்த மூன்றில் முதல் வரி முடிந்தது. வெள்ளி விரல் ஓரிடத்தில் நிற்க, வாய் வேறிடத்துக்குப் போனது.

மண்டபம் முழுக்க ஒரே நேரத்தில் கத்தியது.

முன்வரிசைக் கிழவர்கள், பின்வரிசை, தூணடியில் நின்றவர்கள், எல்லோரும். எங்கள் கோயிலில் ஓதுவார் பிழைவிட்டால் கூட்டம் மூச்சுக் காட்டாது. பிறகு மடப்பள்ளிக்குப் பின்னால் நின்று வருசக்கணக்காகப் பேசுவோம். இங்கே முகத்துக்கு நேரே. அப்பா எழும்பியே விட்டார்.

“பிள்ளையை ஏன் பேசுறியள்? தகப்பனில்லாத பிள்ளை!”

பக்கத்திலிருந்தவர் அப்பாவின் கோட்டை இழுத்து இருத்தினார். “இருங்கோ ஐயா. ஆரும் பேசேல்லை. கை குடுக்கிறம். ஒரு சொல் பிழைச்சாலும் சொல்லாமல் விட்டால் பிழை எங்கடை.”

கீழ்வீடு நின்றுபோனான். முகம் சுண்ணாம்பு. தலையை நிமிர்த்திப் பார்த்தான். என்னைத்தான் தேடினான் என்று நினைத்தேன். சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தேன். மாடியில் வீட்டுக்கார அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார் என்று அம்மா பிறகு சொன்னார்.

வெள்ளி விரல் பின்னால் போயிற்று. அவனுக்குச் சற்றும் பாடமில்லாத வரி அது. ஓர் எழுத்து. அடுத்த எழுத்து. ஒரு கிழவர் மெல்ல ஒரு சொல்லைக் கொடுத்தார். அவன் அதைக் குனிந்து எழுத்தில் தேடிக் கண்டு, பிறகு சொன்னான். தூணடியிலிருந்து அடுத்த சொல் வந்தது. அதையும் கண்டு சொன்னான். கடைசிச் சொற்களுக்கு வந்தபோது யாரும் கொடுக்கவில்லை, அவை அவனுக்குத் தெரிந்தவை. அந்த வரி முழுவதும் தண்ணீரில் நடப்பவனைப் போலப் போய்க் கரையேறினான்.

அப்பா மொழிபெயர்ப்பில் விரல் வைத்து எனக்குக் காட்டினார். வயலிலும் ஒலிவ மரத்திலும் திராட்சைக் கொடியிலும் மிஞ்சியதை வழித்து எடுக்காதே, இல்லாதவர்களுக்கு விடு என்று சொல்லும் மூன்று வரிகள். யாருக்கு என்று மூன்று வரியின் முடிவிலும் சொல்லியிருந்தது: வேற்றூரான், தகப்பனில்லாத பிள்ளை, கைம்பெண்.

“பாத்தியே தம்பி,” என்று அப்பா காதுக்குள் சொன்னார். “கீழை ரெண்டு பேரும் மேலை நாங்களும். முழு வீடும் இதுக்குள்ளை இருக்கு.”

நான் அவனை விடவைத்தது ஒலிவ மர வரியை.

வாசிப்பு முடிந்ததும் நாலு பக்கமிருந்தும் அவன்மேல் இனிப்புகளை எறிந்தார்கள். எங்களூர்க் கலியாணத்தில் அறுகரிசி போடுவது போல. அம்மா மாடியிலிருந்து கைநிறைய எறிந்தார். ஒன்று என் நெற்றியில் பட்டது. பின்னேரம் கீழ்வீடு ஒரு பை நிறைய அந்த இனிப்போடு படியேறி வந்தான்.

“உனக்கு அரைவாசி. நீ இல்லாட்டி இவ்வளவும் வந்திராது. அந்த ஒரு வரியைத்தான் நான் துலைச்சுப்போட்டன், மடையன்.”

வாங்கிக்கொண்டேன். தின்றேன்கூட.

இது போதாது. இன்னும் இருக்கிறது.

சில வாரம் கழித்து, மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியபோது, வீட்டுக்கார அம்மா நல்ல உடுப்பு உடுத்துக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினார். பின்னால் கீழ்வீடு. வீட்டுக்கார அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வீட்டை விடச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். எந்தச் சட்டியை எதற்குள் வைத்துக் கட்டுவது என்று அந்த நிமிடமே யோசித்தாராம்.

“இந்த வருசத்திலை நான் உங்களுக்கு ஏதும் பிழை செய்திருந்தால் மன்னிக்க வேணும்,” என்றார் வீட்டுக்கார அம்மா. “மிளகாய் பொரிக்கிற மணத்துக்கு யன்னலை அடிச்சுச் சாத்தினனான். அது உங்களுக்குக் கேக்கவேணும் எண்டுதான் சாத்தினனான்.”

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எங்கள் அடுப்பில் வெந்ததை அவர்கள் தங்கள் உணவு விதிப்படி சாப்பிட மாட்டார்கள் என்பதால், தோல் உரிக்காத ஒரு தோடம்பழத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். அவர்களுக்கு ஒரு பெரிய விரத நாள் வருகிறது. அதற்கு முன்னர், மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதரிடமே போய்க் கேட்டு முடிக்க வேண்டும், கடவுள் அதில் தலையிட மாட்டார் என்று அப்பா விளக்கினார்.

கீழ்வீடு என்னருகில் வந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது.

“அண்டைக்கு உன்ரை அம்மாவைப் பாத்துச் சிரிச்சனான். பெடியள் சிரிக்கினம் எண்டு சிரிச்சனான். அது பிழை. மன்னிப்பியோ?”

நண்பர்களே, நான் “பரவாயில்லை” என்றேன். அரியாசனத்தில் இருப்பவனைப் போலச் சொன்னேன். அவன் முகம் வெளித்தது. உடனே போகவில்லை. சற்று நின்றான். அவர்களில் ஒருவர் கேட்டால் மற்றவரும் கேட்பது வழக்கம் என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன். அவன் தன் முறையை முடித்துவிட்டு என் முறைக்காக நின்றிருக்கிறான். நான் சல்லடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “இனி உங்கடை பிள்ளை ஏதும் செய்தவனோ?”

“என்ரை பிள்ளையோ?” என்றார் அம்மா. “அவன் தேவாரம் பாடுற பிள்ளை. அவன் என்ன பிழை செய்யப்போறான்?”

அடுத்த சித்திரையில் அப்பாவின் படிப்பு முடிந்து ஊருக்குத் திரும்பினோம். மிச்சம் உங்கள் கதைதான். படித்தேன், வேலை பார்த்தேன், எல்லோரும் ஓடியபோது ஓடி, இதே நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். வந்த முதல் வாரமே அந்தத் தெருவுக்குப் போனேன். வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டியிருந்தார்கள். தொலைபேசிப் புத்தகத்தில் அவனுடைய குடும்பப் பெயர் இருந்தது. விரலை வைத்துப் பார்த்துவிட்டு மூடினேன். இப்படி எத்தனை வருடம். நாங்கள் ஸ்காபரோவிலிருந்து மில்லிக்கன், மார்க்கம், ஸ்ரௌவ்வில் என்று வடக்கே ஏறிய அதே காலத்தில் அவர்களும் பாதர்ஸ்ற் வீதி நெடுகிலும் வடக்கே ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரே நகரத்தில் இரண்டு ஏணி. ஒரு நாளும் நான் குறுக்கே கடக்கவில்லை.

போன வைகாசியில் நாங்கள் கூடும் நூலகத்தின் முன்கூடத்தில் சில சித்திரங்கள் மாட்டியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். யூதர்களின் கலியாண ஒப்பந்தங்கள். நடுவில் அழகான எபிரேய எழுத்து, சுற்றிவரப் பூவும் பறவையும் மதில் சூழ்ந்த நகரமும். “எங்கடை கலியாண எழுத்துக்கு ஒரு கையெழுத்தும் ஒரு முத்திரையும், இதுகளைப் பாருங்கோ அண்ணை,” என்று உங்களில் ஒருவர் சொன்னார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லாவற்றிலும் இடதுபக்க ஓரத்தில் ஒரே மரம் வரைந்திருந்தது. கீழே வரைந்தவரின் பெயர் இருந்தது: கீழ்வீட்டின் பெயர்.

சித்திரத்தருகே அட்டையிலிருந்த தொலைபேசி எண்ணுக்கு அடித்தேன். கிழட்டுக் குரல் ஒன்று, யார் என்றது.

“மேல்வீடு,” என்றேன்.

“போளை கிடைச்சதோ?” என்றது அந்தக் குரல்.

அவனுடைய அடுக்குமாடி வீட்டு மேசை முழுக்கத் தூரிகையும் மைக்கூடும். தாடி வெள்ளை, விரல் நுனி நீலம். தாய் கடைசிவரை நாடகம் எழுதினாராம். தேநீர் வைத்துக் கொடுத்தான். அந்த மரம் என்ன என்று கேட்டேன்.

“ஒலிவ மரம். நான் துலைச்ச வரி. அண்டைக்கு அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாய்ப் பாத்தன் பார், அதுவரைக்கும் நான் எழுத்தைப் பாத்ததே இல்லை. அதோடை என்ரை கை எழுத்துப் பக்கம் போயிட்டுது. வாய்தான் போச்சு. அதுக்குப் பிறகு ஆலயத்திலை வாசிக்கக் கூப்பிட்டால் நான் ஏறுறதில்லை. நான் துலைக்கிற ஆள்.”

அவன் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நான் தேநீரை மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒழுங்கையையும், முதல் நாளையும், கோபம் ஆறிய பிறகும் பாடியதையும், இனிப்பைத் தின்றதையும், என் முறை வந்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றதையும். மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன்.

அவன் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தூரிகைகளைக் கழுவத் தொடங்கினான். கழுவியவற்றையே திரும்பவும் கழுவினான்.

“இவ்வளவு காலமும் நான் அதை என்ரை பிழை எண்டு வைச்சிருந்தனான்,” என்றான் கடைசியாக. “அதை இப்ப எங்கை வைக்கிறது எண்டு தெரியேல்லை. நீ போயிட்டு வா.”

வந்தேன். ஆடி முழுவதும் காத்திருந்துவிட்டுத் திரும்ப அழைத்தேன். மீண்டும் மன்னிப்புக் கேட்டேன். குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

“எங்களிலை மூண்டு தரம் கேக்கிறது. மூண்டாம் தரமும் மன்னியாட்டில் பாவம் எனக்கு. இது ரெண்டாவது. அவசரப்படாதை, மேல்வீடு. நீ என்னை எவ்வளவு காலம் காக்க வைச்சனி!”

“மூண்டாவது எப்ப?”

“வருசா வருசம் ஆவணியிலை ஆலயத்திலை அந்தப் பகுதி வரும். நான் ஏறப்போறன். வந்து இரு.”

போன மாதம் போனேன். சின்ன ஆலயம், மடக்குக் கதிரைகள். தலையில் தொப்பியோடு பின்வரிசையில் இருந்தேன். கீழ்வீடு ஏறினான். அதே சால்வை; இப்போது அவனுக்கு அளவாக இருந்தது. குரல் உடைந்த பழைய குரல், ஆனால் இராகம் அதேதான். வயல் வரி முடிந்தது. ஒலிவ மரத்துக்கு வந்தான். தாவவில்லை. முதற் சொல்லைச் சொன்னான். இரண்டாவதில் நின்றான். கண் மங்கியதோ, மூச்சு முட்டியதோ. வெள்ளி விரல் அந்த எழுத்தின்மேலேயே நின்றது.

கூட்டம் வாய் திறப்பதற்குள் ஒரு குரல் அந்தச் சொல்லைப் பாடிக் கொடுத்தது. வாத்தியார் இருமலோடு பாடிய அதே இழுவையில், யாழ்ப்பாணத்து உச்சரிப்பில். கதிரைகளெல்லாம் திரும்பிப் பார்த்தபோதுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

அவன் நிமிரவில்லை. குனிந்து அந்தச் சொல்லை எழுத்தில் கண்டான். வாங்கிக்கொண்டான். வரியை முடித்தான். பிறகு திராட்சை வரியையும் பாடி முடித்தான்.

எல்லாம் முடிந்து மேசையில் மீனும் பாணும் வைத்திருந்த இடத்தில் என்னை நோக்கி வந்தான். நான் மூன்றாம் முறை கேட்க வாயைத் திறந்தேன். அவன் கையை உயர்த்தி மறித்தான்.

“வேண்டாம்,” என்றான். “கேட்டிட்டாய். மண்டபம் முழுக்கக் கேட்டது.”